ஆணி நிற்காத குளம்புகளுக்கு ஒட்டு லாடம்: நம் மழைக்காலத்தில் தாங்குமா?

தோப்புவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிக்கு அருகே எங்கள் தென்னந்தோப்பில் நானும் என் கணவரும் 9 வயதுக் குதிரை ஒன்றை வளர்த்து வருகிறோம். தரோபிரெட் இனம், காயடிக்கப்பட்டது, பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட பின் அதன் 5ஆம் வயதில் எங்களிடம் வந்தது. குணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதன் முன்னங்கால் குளம்புகள் இரண்டும் கடந்த ஓராண்டாக எனக்குப் பெரும் கவலையாக இருக்கின்றன.

குளம்புச் சுவர் இயல்பிலேயே மெல்லியது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றி வந்தோம். பழைய ஆணி ஓட்டைகள் வளர்ந்து அடிவரை இறங்குவதற்குள் அடுத்த லாடத்துக்கான ஆணிகளை அவற்றின் பக்கத்திலேயே அடிக்க வேண்டியிருந்ததால், ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, சுவரின் கீழ் விளிம்பு அரை அங்குல உயரத்துக்குச் சிதைந்துவிட்டது. சென்ற ஆடி மாதத்தில் மட்டும் இடது முன்னங்கால் லாடம் மூன்று முறை கழன்றது. மூன்றாவது முறை கழன்றபோது கட்டைவிரல் அகலத்துக்குச் சுவரையும் பிய்த்துக்கொண்டு போனது. எங்களுக்கு லாடம் அடிப்பவர் அனுபவசாலி, பொறுமையானவர். நல்ல சுவரைத் தேடி ஆணிகளைச் சற்று உயரத்தில் ஏற்றி அடித்தார். அவற்றில் ஒன்று உயிர்ச்சதைக்கு நெருக்கமாகப் போயிருக்க வேண்டும். மூன்றாம் நாள் குதிரை நொண்டத் தொடங்கியது. ஆணியைப் பிடுங்கி, மருத்துவரை அழைத்து, வெந்நீரில் எப்சம் உப்பைக் கரைத்துக் காலை ஊறவைத்து, பழைய நடைக்கு வர 11 நாள் ஆயிற்று. அந்த நாட்களில் நான் லாயத்தை விட்டு அதிகம் நகரவே இல்லை.

லாடமே இல்லாமல் விட்டும் பார்த்தோம். தோப்பு மண்ணில் நன்றாகவே நடந்தது. ஆனால் தோப்பிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் அரை கிலோமீட்டருக்கு ஜல்லி பரப்பிய வழிதான். உள்ளங்குளம்பு தட்டையாக இருப்பதால் ஒவ்வொரு கல்லும் அதற்கு வலித்தது கண்கூடாகத் தெரிந்தது. ஐந்து வாரத்துக்குப் பின் அந்த முயற்சியைக் கைவிட்டேன்.

பெங்களூரில் உள்ள உறவினர் ஒருவர், ஆணியே இல்லாமல் பசையால் ஒட்டும் பாலியூரித்தேன் (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) லாடங்கள் இருக்கின்றன என்றும், மெல்லிய சுவர் உள்ள குதிரைகளுக்கு அவை பொருந்தும் என்றும் சொன்னார். எனக்குப் பல ஐயங்கள் உள்ளன. எங்கள் பகுதிக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு; ஆண்டில் பாதி நாள் தரை ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில் பசை ஆறு வாரம் தாங்குமா? குதிரை காலை ஊன்றும்போது குதிகால் பக்கம் சற்றே விரிய வேண்டும் என்பார்களே, ஒட்டிவிட்டால் அந்த அசைவு நின்றுவிடாதா? கழற்றும்போது மிச்சமிருக்கும் சுவரும் உரிந்துவிடுமா? இதுவரை ஒட்டிப் பழக்கமில்லாத எங்கள் லாடக்காரரால் இதைச் செய்ய முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

சம்மட்டி எழுதியது:

வணக்கம் அம்மா. பெங்களூரிலும் உதகையிலுமாக 22 ஆண்டுகளாக லாடத் தொழிலில் இருக்கிறேன். என் தந்தை வண்டி மாடுகளுக்கு லாடம் கட்டியவர். மாட்டுக்குப் பிளவுபட்ட குளம்பு என்பதால் காலுக்கு இரண்டாக எட்டுத் துண்டுகள் வேண்டும். கயிறு போட்டுச் சாய்த்துத்தான் அடிப்பார்கள். அந்தப் பட்டறையில் வளர்ந்த எனக்குத் தொடக்கத்தில் பசையின்மேல் நம்பிக்கை இருக்கவில்லை. இன்று எட்டு ஒன்பது குதிரைகளுக்கு ஒட்டுகிறேன், மற்றவற்றுக்கெல்லாம் ஆணிதான். சுவர் தடித்த குதிரைக்குச் சரியான இடத்தில் அடித்த ஆணி கெடுதல் செய்வதில்லை. செலவும் மிகக் குறைவு. உங்கள் குதிரையின் சுவர் இப்போது அந்த நிலையில் இல்லை, அவ்வளவுதான்.

குளம்புச் சுவர் மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரைதான் வளரும். மயிர் முடியும் விளிம்பில் இன்று தோன்றும் புதுச்சுவர் முன்பக்கத்தில் தரையைத் தொடுவதற்கு 9 முதல் 12 மாதம் ஆகும். குதிகால் பக்கம் சுவரின் உயரம் குறைவு என்பதால் அங்கே ஏறத்தாழ பாதிக் காலம் போதும். நீங்கள் சொல்லும் சிதைவு அரை அங்குலம்தான் என்றால், ஆணி படாமல் இரண்டு லாடக்காலம் ஓட்டிவிட்டாலே அந்தப் பகுதியில் பெரும்பாலானதைச் சீவிக் கழித்துவிடலாம். ஆகவே ஒட்டு லாடத்தை ஆணிக்கு நிரந்தர மாற்று என்று எண்ணாமல், சுவருக்குக் கொடுக்கும் ஓய்வு என்று எண்ணுங்கள். மூன்று முறை ஒட்டுங்கள். பிறகு குளம்பைப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஒட்டும் வழிகள் இரண்டு. முதலாவது, லாடத்தின் மேற்பரப்பையே குளம்பின் அடியிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் நேரடியாக ஒட்டுவது. இரண்டாவது, லாடத்தின் விளிம்பிலிருந்து மேலெழும் நாக்குப் போன்ற பட்டைகளையோ, சுற்றிவரும் ஒரு பட்டியையோ சுவரின் வெளிப்புறத்தில் ஒட்டுவது. உங்கள் குதிரைக்குக் கீழ் விளிம்பு சிதைந்திருப்பதால் இரண்டாவது வகை தொடக்கத்தில் நன்றாகப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் பட்டைகள் சிதையாத மேல்சுவரைப் பற்றிக்கொள்ளும். பசையும் இருவகைப்படும். அக்ரிலிக் பசை இறுகிய பின் மிகவும் உறுதியானது, வாசனை கடுமையானது. பாலியூரித்தேன் பசை சில நிமிடங்களில் இறுகும், சற்று வளையும் தன்மை உள்ளது. ஆனால் ஈரம் பட்டால் அதற்குள் காற்றுக் குமிழிகள் தோன்றி, ரொட்டி போல நுரைத்து, பிடிமானம் போய்விடும். நாக்குப் பட்டைகளுக்குச் சயனோஅக்ரிலேட் என்ற உடனடிப் பசையையும் பயன்படுத்துகிறார்கள்.

நான் பார்த்தவரையில் லாடம் விட்டுப்போவதற்குப் பசையின் தரம் காரணமாக இருந்தது அரிது. ஈரமும் அழுக்கும் குளம்பில் படிந்த எண்ணெயுமே காரணம். வெளியே உலர்ந்து தெரியும் குளம்புச் சுவரின் எடையிலும் ஏறத்தாழ கால் பங்கு நீர்தான்; உள்ளங்குளம்பில் மூன்றில் ஒரு பங்கு; நடுவிலுள்ள முக்கோண மெத்தையில், அதாவது ஃபிராக்கில், பாதி நீர். ஒட்டுவதற்கு முந்தைய இரவே குதிரையை உலர்ந்த மரத்தூள் பரப்பிய லாயத்தில் கட்டிவிடச் சொல்வேன். காலையில் குளம்பைச் சீவி, அரத்தால் சமப்படுத்தி, கம்பி பிரஷால் ஒவ்வொரு பள்ளத்தையும் தேய்த்தபின், 60ஆம் எண் உப்புத்தாளால் சுவரின் வழுவழுப்பான மேல்தோல் மங்கும்வரை தேய்க்க வேண்டும். அதன்பின் ஹீட் கன்னால் சூடான காற்றைத் தொடர்ந்து நகர்த்தியபடி காட்டினால், குளம்பின் நிறம் மெல்ல வெளுத்து, மாவு பூசியதுபோல் ஆகும். அந்த நிறம் வரும்வரை பசையைத் திறக்கவே கூடாது. அதன்பின் வெறும் விரலால் குளம்பைத் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெயே போதும், அந்த இடத்தில் பசை பிடிக்காது. இந்தத் தயாரிப்புக்கு ஒரு காலுக்கு அரை மணி நேரம் ஆகும். ஒட்டும் வேலை அதன்பின் பத்து நிமிடம்தான்.

நம் வெயிலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பசைகள் இறுகும்போது தாமே சூடேறும். காற்று சூடாக இருந்தால் இன்னும் விரைவாக இறுகிவிடும். லாடத்தை நேராக வைப்பதற்குள் கையில் கல்லாகிப் போன பசையை நான் பலமுறை எறிந்திருக்கிறேன். கோடையில் பசைக்குழலை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போவதும், காலை 8 மணிக்கு முன் வேலையை முடிப்பதும் என் வழக்கம். லாடத்தை வைத்தவுடன் குளம்பைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுகச் சுற்றினால் பசை வழியாமல் படியும். முழுதாக இறுகும்வரை குதிரை காலை அசைக்கக் கூடாது. ஒட்டிய நாளில் மழைநீரில் நிற்க விடாதீர்கள். அதன்பின் ஈரத்தைப் பற்றி அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை. நன்றாக உலர்ந்த குளம்பில் ஒட்டியது, உதகையின் ஆடி மழையிலும் ஆறு வாரம் நின்றிருக்கிறது.

வடக்குக்காற்று எழுதியது:

சகோதரி, நான் 14 ஆண்டுகளாக இங்கிலாந்தின் வடபகுதியில் வசிக்கிறேன். அரபுக் கலப்பினப் பெண் குதிரை ஒன்றை வைத்து நெடுந்தூரச் சவாரிகளில் கலந்துகொள்கிறேன். ஐந்து ஆண்டுகளாக அதன் முன்னங்கால்களுக்கு ஒட்டு லாடம்தான்.

முதலில் சட்டத்தைப் பற்றி ஒரு செய்தி. இங்கே 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற லாடக்காரர் மட்டுமே குதிரைக்கு லாடம் பொருத்தலாம். அந்தச் சட்டம் தொழிலை வரையறுக்கும்போது ஆணியால் பொருத்துவதையும் வேறு வழியில் பொருத்துவதையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. எனவே பசைதானே என்று குதிரையின் உரிமையாளர் தாமே ஒட்டிக்கொள்ள முடியாது. நம் ஊரில் அத்தகைய கட்டுப்பாடு இல்லாததால் இதை எழுதுகிறேன்: இணையத்தில் காணொளி பார்த்துவிட்டு நீங்களும் உங்கள் கணவரும் முயல வேண்டாம். ஒட்டுவது எளிதாகத் தோன்றும். ஆனால் குளம்பைச் சமநிலையாகச் சீவத் தெரியாதவர் ஒட்டினால், கோணலான குளம்பு ஆறு வாரத்துக்கு அசையாமல் கோணலாகவே இருக்கும். உங்கள் லாடக்காரரைப் பொறுமையானவர் என்கிறீர்கள். அவருக்கு ஏற்கெனவே சீவத் தெரியும் என்பதால், பசை வேலையைக் கற்றுக்கொள்வது அவருக்குக் கடினமாக இராது.

இந்த முறை சோதிக்கப்படாத ஒன்று அல்ல. 2008இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ் ஆகிய பெரும் குதிரைப் பந்தயங்களை வென்ற பிக் பிரவுன் என்ற குதிரைக்குக் குளம்புச் சுவர் பிளவுபடும் தொல்லை இருந்தது. அது ஒட்டு லாடங்களோடுதான் ஓடி வென்றது. அடுத்த பெல்மாண்ட் பந்தயத்துக்கு முன் அதன் முன்னங்காலில் சுவர் வெடிப்பு ஏற்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆணியை எடுத்துவிட்டால் பலவீனமான சுவர் பலமாகிவிடாது. நெடுந்தூரச் சவாரியில் கலிஃபோர்னியாவின் டெவிஸ் கோப்பை மிகக் கடினமானது: சியரா நெவாடா மலைப்பாதையில் 100 மைலை 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். பாறையும் ஆறும் நிறைந்த அந்தப் பாதையில் பல குதிரைகள் ஒட்டிய காலணிகளோடு ஓடுகின்றன. 2012இல் முதலில் வந்த குதிரையும் அப்படித்தான் ஓடியது. இத்தனை மைல் கல்லிலும் நீரிலும் தாங்குவது, நீங்கள் சொல்லும் ஜல்லி வழியில் தாங்காமல் போகாது.

பாலியூரித்தேன் லாடம் தார்ச் சாலையில் கிடைக்கும் அதிர்வை வாங்கிக்கொள்கிறது. என் குதிரையின் நடை முதல் வாரத்திலேயே நீளமானதைக் கண்ணால் கண்டேன். அதே சமயம் ஒன்றைக் கவனியுங்கள். இரும்பு லாடம் தரையில் பட்டதும் மிகச் சிறிதளவு வழுக்கிப் பின் நிற்கும். அந்த வழுக்கலில் மூட்டுக்கு வரும் வேகம் தணிகிறது. ரப்பர் போன்ற லாடம் உலர்ந்த தாரில் சட்டென்று பிடித்து நிற்கும். புதிதாக மாற்றிய பின் இரண்டு வாரம் நடையும் மெதுவான ஓட்டமும் மட்டும் போதும். ஈரப் புல்லில் நிலைமை நேர்மாறு: அங்கே அது வழுக்கும். தோப்பில் பாசி படிந்த வாய்க்கால் ஓரங்கள் இருந்தால் அங்கே இறங்கி நடத்திச் செல்லுங்கள்.

மெல்லிய உலோகக் கம்பியோ தகடோ உள்ளே வைத்து வார்த்த பாலியூரித்தேன் லாடங்கள் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதே நல்லது. உள்ளே எலும்பு போல ஒன்றும் இல்லாத வெறும் பிளாஸ்டிக், தட்டையான குளம்பின் அடியில் நாளடைவில் பரந்து உருக்குலைந்துவிடும். உங்கள் லாடக்காரர் தேர்ச்சி பெறும்வரை, கழற்றி மாட்டக்கூடிய குளம்புக் காலணிகளைச் சவாரி நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துவதும் ஒரு வழி. அதில் பசையும் இல்லை, ஆணியும் இல்லை; ஆனால் நாள் முழுதும் மாட்டி வைத்தால் குதிகாலில் தோல் உராய்ந்து புண்ணாகும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

மேலே இருவரும் கூறியவை பயனுள்ளவை. ஆனால் ஆணியா பசையா என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தச் சுவர் ஏன் இவ்வளவு எளிதில் உடைகிறது?

தோப்பில் நாள் முழுதும் சேற்றில் நின்று, மாலையில் உலர்ந்த லாயத்துக்கு வந்து, மறுநாள் மீண்டும் சேற்றுக்குப் போகும் குளம்பு, ஊறியும் காய்ந்தும் மாறி மாறி விரிந்து சுருங்குகிறது. தொடர்ந்து ஈரத்தில் இருப்பதைவிட இந்த மாற்றமே சுவரின் அடுக்குகளை அதிகம் பிரிக்கிறது. உணவையும் பாருங்கள். நம் ஊரில் பலர் கோதுமைத் தவிட்டைத் தாராளமாக வைக்கிறார்கள். அதில் பாஸ்பரஸ், கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். அது கால்சியம் உடலில் சேர்வதைக் கெடுக்கும். தவிட்டைக் குறைத்து, நல்ல உலர்புல்லோடு குதிரை மசால் என்ற தீவனப் பயிரும் கொடுங்கள். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பயோட்டின் கொடுப்பது குளம்பின் தரத்தை உயர்த்துவது ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. ஆனால் அது புதிதாக வளரும் சுவருக்குத்தான் உதவும், உடைந்திருக்கும் சுவரை ஒட்டவைக்காது. எனவே பலன் தெரிய 9 மாதமாவது விடாமல் கொடுக்க வேண்டும். துத்தநாகமும் செம்பும் போதுமான அளவு கிடைக்கின்றனவா என்பதையும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒட்டு லாடத்தில் எனக்கு உள்ள பெரிய அச்சம், மூடிய இடத்தில் வளரும் கிருமி. ஃபிராக்கின் ஓரப் பள்ளங்களில் கறுத்த கசிவும் கெட்ட நாற்றமும் இருந்தாலோ, சுவரும் உள்ளங்குளம்பும் சேரும் வெள்ளைக் கோட்டில் மாவு போல உதிரும் பகுதி இருந்தாலோ, அது முழுதாகக் குணமாகும்வரை ஒட்டக் கூடாது. காற்று இல்லாத இடத்தில் செழிக்கும் கிருமிகளுக்குப் பசையின் அடியைப் போல உகந்த வீடு வேறில்லை. அக்ரிலிக் பசையில் சிறிதளவு மயில்துத்தத் தூளைக் கலப்பது பழக்கத்தில் உள்ள நல்ல முறை. உள்ளங்குளம்பையும் ஃபிராக்கையும் மூடாத, திறந்த வடிவ லாடத்தையே தேர்ந்தெடுங்கள். தினமும் குச்சியால் சுத்தம் செய்யும் வழக்கம் தொடர வேண்டும். ஒட்டிய பின் தினமும் காலையில் இரண்டு குளம்புகளையும் புறங்கையால் தொட்டு வெப்பத்தை ஒப்பிடுங்கள்; கணுவுக்குக் கீழே பின்பக்கம் விரலை வைத்து நாடித்துடிப்பையும் பாருங்கள். ஒரு காலில் மட்டும் வெப்பமும் வலுத்த துடிப்பும் இருந்தால் உள்ளே சீழ் கட்டுகிறது என்று கொண்டு, லாடத்தின் விலையை எண்ணாமல் உடனே கழற்றிவிட வேண்டும்.

ஆணி பட்ட நிகழ்ச்சியைக் குறிப்பிட்டீர்கள். வீட்டு விலங்குகளில் ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) மிக எளிதில் இரையாவது குதிரைதான். தடுப்பூசி நாள் கடக்காமல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இதை என்னால் எவ்வளவு வலியுறுத்தினாலும் போதாது.

சம்மட்டி அவர்கள் மூன்று முறை தொடர்ந்து ஒட்டலாம் என்கிறார். நான் இரண்டோடு நிறுத்தி, இரண்டு வாரம் குளம்பைத் திறந்து வைத்து, தோப்பு மண்ணில் மட்டும் நடக்கவிட்டு, பிறகு தொடரச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் சுவரின் மேல்தோலைச் சிறிது எடுத்துவிடுகிறது. மெல்லிய சுவருக்கு அதுவும் ஓர் இழப்பே. இதைப் படிக்கும் வேறு எவரேனும் குட்டிக்கு ஒட்ட நினைத்தால், அதற்குத் தனி விதி உண்டு: வளரும் குளம்பைப் பட்டி இறுக்கிவிடும் என்பதால், கோணலைத் திருத்த ஒட்டுவதைக்கூட இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது.

பேச்சோடு பேச்சாக ஒன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியே வாங்குவதாகவும், அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் இறந்துபோவதாகவும், குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் அங்கே இல்லாததும் அவர்களை அங்கே வரவிடாமல் வணிகர்கள் பார்த்துக்கொண்டதும் அதற்குக் காரணம் என்றும் எழுதியிருக்கிறார். குதிரை நம் ஈர மண்ணுக்கு இயல்பான விலங்கு அல்ல. அதன் காலைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருப்பது அன்றும் இன்றும் பெரிய செல்வம். உங்கள் லாடக்காரரை விட்டுவிடாதீர்கள்.

தோப்புவீடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா சொன்னபடி குளம்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். வலது முன்னங்காலில் ஃபிராக்கின் பள்ளத்தில் லேசான நாற்றம் இருக்கிறது. தவிடும் நாங்கள் நாளுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கொடுத்து வந்திருக்கிறோம். நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தோம். ரணஜன்னி ஊசி போட்டு 14 மாதம் ஆகிவிட்டது. நாளை காலை மருத்துவர் வருகிறார். உள்ளங்குளம்பின் தடிமனை அறிய எக்ஸ்ரே எடுக்கவும் கேட்டிருக்கிறேன்.

எங்கள் லாடக்காரரிடம் இந்தப் பதிவுகளைப் படித்துக் காட்டினேன். அவர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டார். கற்றுக்கொள்ள விருப்பம் என்கிறார். அவருக்கு இரண்டு ஐயங்கள். ஆணி அடிக்கும்போது குளம்பின் மிக அகலமான இடத்துக்குப் பின்னால் அடிக்கக் கூடாது, குதிகால் அசைய இடம் விட வேண்டும் என்று அவர் கற்றிருக்கிறார். பசை அந்த இடத்திலும் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? அடுத்து, முதன்முதலில் ஒட்டும்போதே உயிருள்ள குதிரையின் காலில் பழகுவதற்கு அவருக்கு மனம் ஒப்பவில்லை.

சம்மட்டி எழுதியது:

அவர் கேட்ட இரண்டாவது கேள்வியிலிருந்தே அவர் எப்படிப்பட்ட தொழிலாளி என்று தெரிகிறது. அதற்கு விடை எளிது. இந்த முறை சீவும்போது விழும் பெரிய குளம்புத் துண்டுகளை எறியாமல் ஒரு வாரம் நிழலில் உலர வைக்கச் சொல்லுங்கள். அவற்றில் பாதியை உப்புத்தாளால் தேய்த்து, சூடு காட்டி, பழைய லாடத் துண்டில் ஒட்டட்டும். மறுபாதியை வேண்டுமென்றே சற்று ஈரமாக வைத்தோ, விரலால் தடவியோ ஒட்டட்டும். மறுநாள் குறடால் இழுத்துப் பார்த்தால் எது விடுகிறது, எது விடாமல் துண்டையே உடைக்கிறது என்று அவர் கையே அவருக்குச் சொல்லிவிடும். நான் என் தம்பிக்கு இப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். பழகும்போதே கையுறை அணியட்டும், திறந்த வெளியில் செய்யட்டும். அக்ரிலிக் பசை தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுதும் அந்தப் பசையைத் தொட முடியாது. எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் ஹீட் கன்னைக் காட்டும்போது பசைக்குழல் எட்டத்தில் இருக்க வேண்டும்.

குதிகாலைப் பற்றிய கேள்வி நியாயமானது. எங்கள் தொழிலில் இருப்பவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உள்ள இடம் இது. நேரடியாக ஒட்டும்போது, முன்பக்கத்தைவிடக் குதிகால் பக்கம்தான் பசைக்கு நல்ல பிடி கிடைக்கும் என்பதால் பலர் பின்னால் தாராளமாக வைக்கிறார்கள். விறைப்பான அலுமினிய லாடத்தை அப்படி ஒட்டினால் குதிகாலின் அசைவு குறையத்தான் செய்யும். இரண்டு மூன்று முறைக்குப் பின் குதிகால் ஒடுங்கிப்போன குளம்பை நானே பார்த்திருக்கிறேன். வளையும் பாலியூரித்தேன் லாடத்தில் அந்தக் கெடுதல் குறைவு. உங்கள் குதிரைக்கு நான் ஒட்டுவதாக இருந்தால், நாக்குப் பட்டைகள் உள்ள, வளையும் லாடத்தைத் தேர்ந்தெடுத்து, பின் பட்டையைக் குளம்பின் அகலமான இடத்துக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிடுவேன். ஆறு வாரம் நிற்காமல் ஐந்தாவது வாரமே கழன்றாலும் பரவாயில்லை.

கழற்றுவதைப் பற்றி நீங்கள் முதலிலேயே கேட்டிருந்தீர்கள். நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆணி லாடத்தைக் குறடால் நெம்பி எடுப்பதுபோல இதை நெம்பவே கூடாது. அப்படிச் செய்தால் பசை சுவரின் ஓர் அடுக்கை உரித்துக்கொண்டுதான் வரும். அரத்தால் பசைக் கோட்டை வெளியிலிருந்து தேய்த்துத் தேய்த்து, லாடத்துக்கும் சுவருக்கும் இடையே வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிதாக்கிய பின், குதிகாலிலிருந்து முன்னோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். சுவரில் படிந்து மிஞ்சும் பசையை முழுதாகச் சுரண்ட வேண்டியதில்லை. உறுதியாக இருக்கும் பழைய பசையின் மேல் புதுப்பசை நன்றாகவே பிடிக்கும், சுவரும் மிஞ்சும்.

இரண்டா மூன்றா என்பதில் மருத்துவர் சொல்வதையே கேளுங்கள். அவர் உப்புத்தாள் பற்றிச் சொன்னது சரி. நான் தடித்த சுவர்களை எண்ணிச் சொல்லிவிட்டேன்.

தோப்புவீடு எழுதியது:

மருத்துவர் வந்து பார்த்துச் சென்றார். வலது காலின் பள்ளத்தில் புண் ஆழமாக இல்லை. மூன்று வாரம் மருந்து வைத்து, உலர்ந்த தரையில் நிறுத்தச் சொன்னார். ஊசியும் போட்டாயிற்று. அதுவரை சவாரி இல்லை. பிறகு ஐப்பசி மழை விடும்வரை கழற்றி மாட்டும் காலணிகளோடு தோப்புக்குள் மட்டும் நடை. லாயத்தின் பாதியில் மேடு கட்டி மரத்தூள் கொட்டிவிட்டோம். லாடக்காரர் குளம்புத் துண்டுகளை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துப் போயிருக்கிறார். கார்த்திகை பிறந்ததும் இடது காலில் முதலில் ஒட்டுகிறோம். எத்தனை நாள் நிற்கிறது, கழற்றியபோது சுவர் எப்படி இருந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.